ஒரு பல் தள்ளி

கொளஞ்சியப்பன் வீட்டில் தண்ணீர் மோட்டாருக்கென்று தனி நோட்டு உண்டு. போட்ட நேரம், நிறுத்திய நேரம், போட்டவர் கையெழுத்து என்று மூன்று பத்திகள். மாடிப் போர்ஷனுக்கு நான் குடிவந்த அன்றே, சாவியைக் கையில் கொடுத்த கையோடு அந்த நோட்டையும் காட்டிவிட்டார். இந்த இரண்டு வருஷத்தில் அதில் நான் போட்ட கையெழுத்துகள், வாழ்நாளில் மற்ற இடங்களிலெல்லாம் சேர்த்துப் போட்டதைவிட அதிகம்.

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவர் ஆபரேட்டர். இருபத்துநாலு வருஷ சர்வீஸ். சிதம்பரத்திலிருந்து கம்பெனி பஸ் போகிறது. அங்கே ஒரு நட்டைத் தொட வேண்டுமென்றாலும் முதலில் பர்மிட் எழுத வேண்டும். பம்ப்பைக் கழற்றுவதாக இருந்தால் கரண்டை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, மேலே சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு, சாவியை வேலை செய்கிறவன் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தது என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பூட்டு திறக்கும். அதுவரை முதலாளியே வந்து நின்றாலும் சாவி கிடையாது. உள்ளே ஒருவன் கை இருக்கும்போது வெளியே இன்னொருவன் சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை எனக்கு விளக்கினார். அன்றைக்குச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

கம்பெனி விதிகள் தினமும் அவரோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டன. இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று ஹோம குண்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு வாளி மணலும் ஒரு ஈரச்சாக்கும் வைத்து, புகை அடங்கும்வரை தானே காவலுக்கு நின்றாராம். ஐயர் கொஞ்சம் தாராளமாக நெய் விட்டபோது, “சாமி, இது போதும்” என்று கையைப் பிடித்துவிட்டார் என்று அவருடைய மச்சான் பழனிவேல் சொன்னார். பழனிவேலுக்குப் புவனகிரியில் உரக்கடை. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மணல் வாளியின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். நான் கேட்ட முதல் தடவை இரண்டு. போன பொங்கலுக்கு ஆறு.

கொளஞ்சியப்பனின் மனைவி புஷ்பவள்ளி டீச்சர். இருபது வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டு, போன ஜூனில் தலைமையாசிரியை ஆனார். பள்ளிக்கூடம் கீரப்பாளையத்திலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். சிதம்பரத்தில் ஒரு பஸ், கீரப்பாளையத்தில் இறங்கி ஒரு மினி பஸ். அந்த மினி பஸ்காரர் வழியில் இரண்டு டீக்கடைகளுக்கு வாடிக்கை. ஒன்பது இருபதுக்குப் பிரேயர் என்றால் டீச்சர் போய் இறங்க ஒன்பது முப்பத்தைந்து. தாமதமாக வரும் பிள்ளைகளைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைப்பது அந்தப் பள்ளியின் பழைய வழக்கம். தலைமையாசிரியை வந்து இறங்கியதும் அவர்களும் அவர் பின்னாலேயே உள்ளே நுழைவார்கள். ஒருநாள் நாலாங்கிளாஸ் பையன் ஒருவன், “டீச்சர், நாளைக்கும் லேட்டாத்தான வருவீங்க?” என்று நம்பிக்கையோடு கேட்டிருக்கிறான்.

அன்று சாயங்காலமே டீச்சர் கார் ஓட்டப் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார்.

கார் வீட்டிலேயே இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன வெள்ளைக் கார். கொளஞ்சியப்பன் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவதால், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் தவிர வாசலில் உறையைப் போர்த்திக்கொண்டு நிற்கும். அவரே ஓட்டக் கற்றுக் கொடுத்தார். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் தெருவுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

“ஏன் வண்டி வலது பக்கமே போவுது? நேராப் புடி புஷ்பா.”

“நேராத்தாங்க புடிச்சிருக்கேன். நீங்களே பாருங்க, ஸ்டியரிங் நேராத்தான இருக்குது?”

“அப்ப வண்டி ஏன் வலது பக்கம் போவுது?”

“அதத்தான் நான் ஒங்கள கேக்கறேன்.”

“நீ ஒக்காந்திருக்கறது கோணலா இருக்குது. அதான்.”

இந்த உரையாடல் தெரு முனை வரை போய், திரும்பும்போது அதே இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். அவர் ஓட்டினால் கார் நேராகத்தான் போனது. அதனால் தெருவில் எல்லோரும் டீச்சரைத்தான் சந்தேகப்பட்டார்கள். நான் உட்பட.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அந்த ஸ்டியரிங்கின் ரப்பர் வெயிலில் கிடந்து கிடந்து இளகிப்போய், பிடித்தால் கையோடு கருப்பாக ஒட்டியது. டீச்சரின் இரண்டு புடவைகள் பாழாயின. கொளஞ்சியப்பன் அதற்கு மேல் ஒரு உறையை வாங்கி மாட்டினார். முதல் முறை டெஸ்டுக்குப் போனபோது, வெயிலில் உறை வழுக்கிக்கொண்டது. டீச்சர் உறையை முழுச் சுற்றுத் திருப்பினார். ஸ்டியரிங் அசையவில்லை. வண்டி எதற்கும் கவலைப்படாமல் போய், நட்டிருந்த கல்லை இடித்து நின்றது.

அடுத்த தேதி ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. அந்தச் சனிக்கிழமையோடு பழகுநர் உரிமம் முடிகிறது. வியாழக்கிழமை தவறினால் மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு, மறுபடி அந்த மினி பஸ், அந்த நாலாங்கிளாஸ் பையன்.

“புது ஸ்டியரிங் நான் மாட்டித் தர்றேன்” என்றார் கொளஞ்சியப்பன். மெக்கானிக்கிடம் கொடுக்கலாமே என்று டீச்சர் சொன்னதற்கு, “அவன் பர்மிட் எழுதுவானா?” என்று கேட்டார்.

வார லீவில் புதுச்சேரி போய், பழைய கார்களை உடைத்து விற்கும் கடையில் அதே மாடல் ஸ்டியரிங் ஒன்றை எடுத்து வந்தார். இறுகின, ஒட்டாத, நல்ல ரப்பர். அதை இரண்டு நாள் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் பரிசுக் கோப்பையோ என்று பார்த்தார்கள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்தவர், சாப்பிட்டுவிட்டு, பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பர்மிட் எழுதினார். அக்காவை மறுநாள் டெஸ்டுக்கு அழைத்துப்போக வந்திருந்த பழனிவேல் அதை வாங்கி உரக்கப் படித்தார்.

“வேலை, ஸ்டியரிங் மாற்றுதல். இடம், வீட்டு வாசல். ஆபத்து...” நிறுத்தினார். “இன்னா மாமா, ஆபத்துங்கற எடத்துல ‘மூக்கு’ன்னு போட்டிருக்கீங்க?”

“நட்ட முழுசாக் கழட்டிட்டு இழுத்தன்னு வெச்சுக்க. இறுகிக் கெடக்கறது படக்குனு வரும். எங்க வரும்?”

பழனிவேல் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்தார். அனுமதி அளிப்பவர் என்ற இடத்தில் டீச்சர் கையெழுத்துப் போட்டார். பள்ளி முத்திரை வேண்டுமா என்று கேட்டார். அது வேண்டாம் என்று அவர் சொன்னது கொஞ்சம் யோசித்த பிறகுதான்.

கொளஞ்சியப்பன் ஹெல்மெட்டும் கம்பெனி ஷூவும் போட்டுக்கொண்டு வந்து, பானெட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாட்சைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ஐந்து நிமிஷம் ஆயிற்று.

“மாமா, இன்னாத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கோம்?”

“பேட்டரியக் கழட்டிட்டு பதினஞ்சு நிமிஷம் காத்திருக்கணும். வீடியோல சொன்னான். இல்லாட்டி ஏர்பேக் வெடிச்சுடும்.”

“இந்த வண்டியில ஏர்பேக்கே கெடையாதே.”

“தெரியும்.”

“அப்பறம்?”

“இல்லன்னு நெனச்சு, இருந்துட்டா?”

பழனிவேல் என்னைப் பார்த்தார். நான் வாசல் வேப்பமரத்தைப் பார்த்தேன். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் டீச்சர் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து, டம்ளர்களைத் திருப்பி எடுத்தும் போனார்.

அதன் பிறகு கொளஞ்சியப்பன் செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது. நடுவிலிருக்கும் ஹாரன் மூடியை நெம்பி எடுத்தார். ஹாரன் ஒயரைப் பிரித்து ஓரமாக ஒட்டி வைத்தார். உள்ளே ஒரு பெரிய நட்டு. அதன் பின்னால் தண்டு. தண்டைச் சுற்றிலும் பொடிப் பொடியாகப் பற்கள். ஸ்டியரிங்கின் துளையிலும் அதே மாதிரி பற்கள். ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு இருந்தன. எந்தப் பல் எந்தப் பல்லோடு இருந்ததோ அப்படியே திரும்ப மாட்ட வேண்டும் என்று சொல்லி, வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் தண்டிலிருந்து ஸ்டியரிங் வரை ஒரு கோடு போட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட கோடு. அவ்வளவு நேர்த்தியான கோட்டை நான் அச்சிலும் அதிகம் பார்த்ததில்லை.

நட்டைத் தளர்த்தி, நாலு மரை மட்டும் கழற்றாமல் விட்டு வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தார். வரவில்லை. உள்ளங்கையால் தட்டினார். வரவில்லை. பழனிவேல், “சாமி பேரச் சொல்லி இழுங்க மாமா” என்றதும் இழுத்தார். டப்பென்று வந்து நட்டில் இடித்து நின்றது. மூக்குக்கும் அதற்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. தன் மூக்கைச் சுட்டிக்காட்டினார். பழனிவேல் கும்பிட்டார்.

பழையதன் மேல் புதியதை வைத்து, கம்பிக்குக் கம்பி பொருத்தி, கோட்டை அதே பல்லுக்கு நேராகப் புதியதிலும் இறக்கினார். மாட்டினார். கோடு கோட்டோடு சேர்ந்தது. நட்டைப் போட்டு, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, உடம்பு எடையெல்லாம் கொடுத்து இறுக்கினார். ஹாரன் ஒயரையும் பேட்டரி ஒயரையும் மாட்டினார். ஹாரனை அடித்தார். எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் படுத்தது.

டீச்சர் ஏறி உட்கார்ந்து, பழனிவேலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறங்கி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். சுத்தமாக இருந்தன. கொளஞ்சியப்பன் முகம் மலர்ந்தது.

“ஆனா, என்னாங்க, இதுவும் கோணையாத்தான் இருக்குது.”

“எது?”

“ஸ்டியரிங். வண்டி நேராப் போறப்ப இது இடது பக்கமா சாஞ்சிருக்குது. நேரா நிமித்துனா வண்டி வலது பக்கம் போவுது. பழசுலயும் இதத்தான சொன்னேன்.”

“கழட்டும்போது எப்படி இருந்துச்சோ அப்படியே மாட்டியிருக்கேன். அரை மில்லி மாறல.”

“அதாங்க. கோணையா இருந்தத அரை மில்லி மாறாம கோணையா மாட்டியிருக்கீங்க. நமக்கு முன்னால வெச்சிருந்தவன் எவனோ ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்கான்.”

“ஒம்போது வருஷமா ஓட்டறேன். எனக்குத் தெரியாதா?”

“ஒம்போது வருஷமா நீங்க கோணையாப் புடிக்கப் பழகிட்டீங்க.”

கொளஞ்சியப்பன் பர்மிட்டை நீட்டினார். வேலை திருப்திகரமாக முடிந்தது என்ற இடத்தில் கையெழுத்து வேண்டும்.

“போட மாட்டேன்” என்றார் டீச்சர். “திருப்தி இல்ல.”

“மாமா, ஒரு பல்லுதான? கழட்டித் தள்ளி மாட்டிருங்களேன்” என்றார் பழனிவேல்.

“குறி போட்டாச்சு மச்சான். குறிய மீறி மாட்டறதுக்கு நான் எதுக்குக் குறி போடணும்?”

இருபத்துநாலு வருஷத்தில் அவர் முடித்த வேலைக்குக் கையெழுத்து மறுக்கப்பட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். பேட்டரி ஒயரை மறுபடி கழற்றினார். கதவைப் பூட்டினார். கைப்பிடியில், ‘வேலை முடியவில்லை. தொடாதே. கொ.’ என்று ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் கீழேயிருந்து பழனிவேலின் குரல் கேட்டது.

“அக்கா, நல்லாத் தேடு. பூசை ரூம்ல இருக்கும்.”

“இருக்காது. கையெழுத்து ஆவல இல்ல? சாவி அவரு பாக்கெட்டோட கம்பெனிக்குப் போயிருக்கும்.”

அப்படித்தான் ஆகியிருந்தது. கம்பெனியில் அந்த வாரம் பராமரிப்பு வேலை, யாருக்கும் லீவு இல்லை. அவர் நாலு ஐம்பது பஸ்ஸில் போய்விட்டார். அந்தக் காருக்கு ஒரே ஒரு சாவி. வாங்கும்போதே ஒன்றுதான் கொடுத்தார்கள். செல்போனுக்கு அடித்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. தீப்பிடிக்கும் பொருள்கள் இருக்கும் இடம் என்பதால் செல்போன்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். டெஸ்டுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது.

டீச்சர் கேட் நம்பருக்குப் போன் செய்து, கண்ட்ரோல் ரூமுக்கு இணைப்பு வாங்கினார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வாசல் படியில் உட்கார்ந்தார். நான் பல் தேய்த்தபடி மாடிப்படியில் நின்றேன்.

எடுத்தது ஷிப்ட் இன்சார்ஜ் ஸ்ரீதர்.

“சொல்லுங்க அண்ணி. ஸ்டியரிங் விஷயமா?”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பஸ்ல வர்றப்பவே பர்மிட்ட எங்க எல்லாருக்கும் காட்டிட்டாரு அண்ணி. நல்லா எழுதியிருந்தாரு. நீங்க க்ளோஸ் பண்ணலன்னு ரொம்ப வருத்தம்.”

“கார் சாவி அவருகிட்ட இருக்குது. ஒடனே வேணும்.”

“அதுல ஒரு சிக்கல் இருக்குது. பூட்டுனவருதான் தொறக்கணும். இல்லன்னா அவரு எழுதி ஹேண்ட் ஓவர் பண்ணணும்.” பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது. “இருங்க, கூப்புடறேன்.”

கொளஞ்சியப்பன் வந்தார். “இன்னா புஷ்பா?”

“சாவிய ஏன் எடுத்துட்டுப் போனீங்க?”

ஏதோ ஒரு மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

“ஐயோ” என்றார். “கை பழக்கம்.”

“சரி. நைட் ஷிப்ட் பஸ் ஆறு இருவதுக்குத்தான கெளம்பும்? டிரைவர்கிட்டக் குடுத்து விடுங்க. நான் ஸ்டியரிங்க ஒரு பல்லு தள்ளி மாட்டப் போறேன்.”

“நீயா?”

“நான்தான். நேத்து பூராப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

“புஷ்பா, குறி...”

“நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஆறு மாசமா வலது பக்கம் போவுது, வலது பக்கம் போவுதுன்னு தெரு பூரா கேக்கற மாதிரி சத்தம் போட்டீங்களே. அது நானா, ஸ்டியரிங்கா?”

கண்ட்ரோல் ரூமில் சிரிப்பு நின்றுவிட்டது. பழனிவேல் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

“ஸ்டியரிங்காத்தான் இருக்கும்” என்றார் கொளஞ்சியப்பன். பிறகு, கம்பெனிக் குரலுக்கு மாறிவிட்டார். “வண்டிய நேரா ஓட்டி நேரா நிறுத்து. நிறுத்துன பெறகு சக்கரத்த அசைக்காத. அப்பறமாக் கழட்டு. நாலு மரை விட்டு வை. என்னோட கோட்ட அழிக்கக் கூடாது. தப்பா எழுதுனத அழிக்கற வழக்கம் எங்ககிட்ட இல்ல. பக்கத்துல புதுசா ஒரு கோடு போட்டுக்க.”

“போட்டுக்கறேன்.”

“மூக்கு.”

“தெரியும். வைங்க.”

ஏழு இருபத்தைந்துக்கு பஸ் வந்தது. டிரைவர் ஒரு பிரவுன் கவரைக் கொடுத்தார். உள்ளே சாவியும் அந்தப் பர்மிட்டும். கூடவே ஒரு கேட் பாஸ். வெளியே போகும் பொருள்: கார் சாவி, ஒன்று. திரும்ப வேண்டியதா: வேண்டும். அடியில் ஸ்ரீதரின் கையெழுத்து. அதற்கும் அடியில், ‘பர்மிட் புஷ்பவள்ளியிடம் ஒப்படைக்கப்படுகிறது’ என்று கொளஞ்சியப்பன் எழுதி, நேரம் போட்டிருந்தார். டீச்சர் அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று நான் வேலைக்கு லீவு போட்டேன். காய்ச்சல் என்று சொன்னேன்.

டீச்சர் சிவப்பு அட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரியை மாட்டி, தெருவில் நேரான பகுதியில் மெதுவாக ஓட்டினார். கைகளை எடுத்துவிட்டுக் காரைத் தன் போக்கில் போகவிட்டார். அது ஒழுங்காக நேரே போயிற்று. பிரேக்கை மிதித்து அப்படியே நிறுத்தினார். ஸ்டியரிங் மட்டும், யாரோ கூப்பிட்ட மாதிரி, இடது பக்கம் சாய்ந்து கிடந்தது.

“பாருடா” என்றார் தம்பியிடம். ஆறு மாதக் கோபத்துக்கு அந்த ஒரு சொல்தான் செலவானது.

நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். கைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தேர்வுத் தாளை எடுத்து மடியில் வைத்து, சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்தார்.

“இன்னாக்கா பண்ற?”

“பதினஞ்சு நிமிஷம்.”

“நீயுமா? ஏர்பேக்தான் இல்லையே!”

“பர்மிட் இப்ப என் பேருல இருக்குதுடா.”

பழனிவேல் நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்துவிட்டார். பால்காரர் ஒதுங்கிப் போனார். ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி, என்ன பிரச்சினை என்று கேட்டார். “ஒண்ணும் இல்ல, வெடிக்குமான்னு பாக்கறோம்” என்றார் பழனிவேல். ஆட்டோ பின்னாலேயே போய்த் திரும்பிக்கொண்டது.

எட்டு மணிக்கு நட்டில் ஸ்பேனரை வைத்தார்கள். அசையவில்லை. குழாயைச் செருகினார்கள். டீச்சர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொள்ள, பழனிவேல் குழாயில் தொங்கினார்.

“மாமன் நேத்துக் கோவத்தையெல்லாம் இதுலதான் முறுக்கியிருக்காரு!”

“நேத்து முறுக்கறப்ப அவருக்குக் கோவமே இல்ல. சந்தோஷமா இருந்தாரு. அழுத்துடா.”

மூன்றாவது அழுத்தலில் நட்டு முனகிக்கொண்டு திரும்பியது. நாலு மரை. ஆட்டி இழுத்தார்கள். முந்தின நாள்தான் மாட்டியது என்பதால் அடம் பிடிக்கவில்லை. அடுத்து, எது நேர் என்ற கேள்வி. கண்ணை நம்ப வேண்டாம் என்று டீச்சர் சொன்னார். பாதி தண்ணீர் இருந்த பிளாஸ்டிக் பாட்டிலை ஸ்டியரிங்கின் இரண்டு கம்பிகளின் மேல் படுக்கப் போட்டார். ஒரு பல் நகர்த்தியதும், உள்ளே தண்ணீர் ஒரு பக்கமும் ஒதுங்காமல் நீளமாகப் படுத்தது. என்னிடம் தெரு மட்டமா என்று கேட்டார். நான் கல்லொன்றை வைத்துப் பார்த்து, உருளவில்லை என்றேன். அந்தக் காலையில் அவர்களிடம் நான் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில், நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். கொஞ்சம் தடித்த கோடு. கொளஞ்சியப்பனுடையதைப் போல அழகாக இல்லை. நட்டை இறுக்கி, ஒயரை மாட்டி, ஓட்டிப் பார்த்தார். ஸ்டியரிங் நேர், வண்டி நேர். தெருமுனை வரை போய்த் திரும்பி வரும் வரை பக்கத்து சீட்டிலிருந்து பழனிவேல் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

டெஸ்ட் நடக்கும் மைதானத்தில் நான் வேலிக்கு வெளியே நின்றேன். நேராகப் போக வேண்டும். கற்களுக்கு நடுவே பின்னால் வர வேண்டும். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். டீச்சர் ஓட்டியதில் பார்ப்பதற்கு ஒரு விசேஷமும் இல்லை. கற்கள் எல்லாம் நின்ற இடத்திலேயே நின்றன. இன்ஸ்பெக்டர் தாளில் ஏதோ எழுதினார். “லைசென்ஸ் போஸ்ட்ல வரும்மா” என்றார். டீச்சர் தலையாட்டிவிட்டு, காரை விட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பழனிவேல்தான் போய்க் கதவைத் திறந்தார். “அழுவறியாக்கா?” என்றார். “வேர்வைடா” என்றார் டீச்சர்.

மூன்று மணிக்கு வந்த கொளஞ்சியப்பன், பாஸா என்று கேட்கவில்லை. நேரே காருக்குப் போய் ஹாரன் மூடியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளைக் கோடு, பக்கத்தில் சிவப்புக் கோடு, நடுவில் ஒரு பல். மூடியைத் திரும்ப அழுத்திப் பொருத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு பல்லு” என்றார் என்னிடம். “ஒம்போது வருஷம்.”

டீச்சர் பர்மிட்டைக் கொண்டுவந்து நீட்டினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் தேதியைத் தப்பாகப் போட்டு, ஒரு கோடு கிழித்து, மேலே திருத்தி எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான், “பாஸ் பண்ணிட்டயா? ஸ்ரீதர் கேக்கச் சொன்னான்” என்றார்.

சாயங்காலம் மச்சானைப் புவனகிரியில் கொண்டுபோய் விட்டுவரலாம் என்று எல்லோருமே கிளம்பினோம். கொளஞ்சியப்பன் ஓட்டினார். டீச்சர் பக்கத்தில். பின்னால் நானும் பழனிவேலும். ஊர் தாண்டியதும் கார் இடது ஓரமாக இறங்கியது. ஏற்றினார். மறுபடி இறங்கியது. ஒரு ஆட்டுக்குட்டி வாய்க்கால் பக்கம் தாவிக் குதித்தது. கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்காரர் எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

“மாமா, வயலுக்குள்ள எதனா வேல இருக்குதா?” என்றார் பழனிவேல்.

கொளஞ்சியப்பன் ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். காதுகள் சிவந்திருந்தன. ஒன்பது வருஷமாக இடது பக்கம் சாய்த்தே பழகிய கைகள் அவருடையவை. அவை தாமாகச் சாய்த்தன, கார் தானாக ஓரம் போனது. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார். சொல்லாமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது பின்னாலிருந்து பார்க்கையில் அவருடைய தோளிலேயே தெரிந்தது.

கீரப்பாளையம் வந்ததும் கொளஞ்சியப்பன் ஓரமாக நிறுத்தினார். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, மனைவியிடம் நீட்டினார்.

“நீ ஓட்டு. லைசென்ஸ்தான் இன்னும் கைக்கு வரல. பரவால்ல, எல் போர்டு சனிக்கெழம வரைக்கும் இருக்குது. பக்கத்துல நான் இருக்கேன்.”

இடம் மாறி உட்கார்ந்தார்கள். டீச்சர் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, கிளப்பினார். வெள்ளாற்றுப் பாலத்தை நோக்கிக் கார் ரோட்டின் நடுக்கோட்டைத் தொடாமல், ஓரமும் போகாமல் போனது. கொளஞ்சியப்பன் அந்தப் பக்கத்து சீட்டில் மனைவிக்குச் சொல்லிக் கொடுக்கும்போது உட்கார்ந்திருக்கிறார். சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லாமல் இன்றைக்குத்தான் உட்கார்ந்திருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்தார், எடுத்தார், பெல்ட்டைச் சரி பார்த்தார்.

கடைசியில் பொறுக்க முடியாமல், “மூணாவது கியர் போடு புஷ்பா” என்றார்.

“போட்டாச்சுங்க” என்றார் டீச்சர்.

குனிந்து பார்த்தார். போட்டுத்தான் இருந்தது.